ஜொவான்னி டெல்லா காசா: மரியாதை நூல் எழுதிய பேராயரை எப்படிப் படிப்பது?

படிப்பறை எழுதியது:

'கலாத்தேயோ' என்ற சின்னப் புத்தகத்தைப் பற்றி இங்கே ஒரு இழை தொடங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய நூல். நாலு பேர் கூடும் இடத்தில் எப்படி உட்காருவது, எப்படிச் சாப்பிடுவது, எதைப் பேசுவது, எதைச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பதுதான் பொருள். இத்தாலியில் இன்றைக்கும் பழக்கவழக்க ஒழுங்குக்கே அந்தப் பெயர்தான். ஆனால் எழுதியவரின் வாழ்க்கையை ஒதுக்கிவிட்டு நூலை மட்டும் படித்தால் அது வெறும் சாப்பாட்டு மேஜைக் குறிப்பாகத்தான் தெரியும்.

ஜொவான்னி டெல்லா காசா 1503இல் பிறந்தவர். ஃப்ளோரன்ஸுக்கு வடக்கே முஜெல்லோ என்ற பள்ளத்தாக்கில் குடும்பத்துக்கு நிலபுலன் இருந்தது. அம்மா தோர்னபுவோனி வீட்டுப் பெண், அதாவது ஃப்ளோரன்ஸில் பெயரைச் சொன்னாலே தெரியும் குடும்பம். அப்பாவுக்கு மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசை, போலோன்யாவுக்கு அனுப்பினார். மகனுக்குச் சட்டத்தில் மனம் ஒட்டவில்லை. லுதோவிக்கோ பெக்காதெல்லி என்ற நண்பரோடு முஜெல்லோ வீட்டுக்குத் திரும்பிவந்து, ஒரு வருஷத்துக்கும் மேல் லத்தீன் நூல்களை, முக்கியமாக சிசரோவை, உட்கார்ந்து படித்தார்கள். அப்புறம் பாதுவா, அங்கே கவிஞரும் மொழியறிஞருமான பியெத்ரோ பெம்போவின் பழக்கம். அதன் பிறகு 1530களின் தொடக்கத்தில் ரோமாபுரி.

திருச்சபைக்குள் இவர் போனதைத் தெய்வ அழைப்பு என்று அலங்கரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் படித்த, நல்ல குடும்பத்து இளைஞனுக்கு வருமானமும் பதவியும் கிடைக்கும் பெரிய வாசல் அதுதான். அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே 1534இல் மூன்றாம் பவுல் என்ற பெயரில் போப் ஆனதும் அந்தக் குடும்பத்தின் நிழலில் நின்றவர்களுக்கெல்லாம் வழி திறந்தது. 1537இல் போப்பின் கருவூல அலுவலகத்தில் எழுத்தர் பதவி. பெயர்தான் எழுத்தர், உண்மையில் பெரிய இடம். 1540இல் சபை வரி வசூலிக்க ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பினார்கள். 1544இல் பெனவெந்தோவின் பேராயர், அதே வருஷம் வெனிஸில் போப்பின் தூதர். பேராயர் பட்டம் தெற்கே, வேலை வடக்கே. தன் மறைமாவட்டத்தில் குடியிருந்து மக்களைக் கவனித்தவர் இல்லை.

வெனிஸில் அவர் வாழ்ந்தது பெரிய வாழ்க்கை. கவிஞர்கள், ஓவியர்கள், பதிப்பாளர்கள் எல்லோரும் வந்துபோகும் வீடு. 1549இல் மூன்றாம் பவுல் இறந்தார், மூன்றாம் ஜூலியஸ் வந்தார், ஃபர்னேசே ஆட்களின் காலம் முடிந்தது. டெல்லா காசாவுக்குக் கர்தினால் தொப்பி, அதாவது போப்புக்கு அடுத்த படியில் இருக்கும் பதவி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கிடைக்கவில்லை. கடைசியில் பொதுவாழ்க்கையை விட்டு ஒதுங்கி, பியாவே ஆற்றங்கரையில் நெர்வேசா என்ற ஊரில் இருந்த துறவு மடத்தில் போய்த் தங்கினார். கொல்லால்தோ பிரபுக் குடும்பத்தின் ஆதரவில் இருந்த மடம் அது. கலாத்தேயோ எழுதியது அங்கேதான், 1551க்கும் 1555க்கும் நடுவில்.

நான் இந்த நூலை, பதவி கைநழுவிப்போன ஒரு மனிதர், பெரிய வெற்றிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, தினமும் பக்கத்தில் உட்காரும் மனிதனைக் கவனிக்கத் தொடங்கியபோது எழுதியதாகப் பார்க்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மாடிப்படி எழுதியது:

பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், படித்ததில்லை. உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது சார்? "வாயை மூடிக்கொண்டு மெல்" வகைதானா?


படிப்பறை எழுதியது:

அதுவும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள்.

நூலில் பேசுவது ஒரு கிழவர். பெரிய படிப்பு இல்லாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர், தான் பாசம் வைத்திருக்கும் ஒரு இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் போடுகிறார்: வீரம், தாராளம், நீதி எல்லாம் உயர்ந்த குணங்கள்தான், ஆனால் அவற்றைக் காட்டச் சந்தர்ப்பம் எப்போதாவதுதான் வரும், இனிமையாகப் பழகுவது மட்டும் ஒவ்வொரு நாளும் பலமுறை தேவைப்படுகிறது. இப்படி ஒரு பேராயர் எழுதியிருக்கிறார் என்பதை யோசியுங்கள். சொர்க்கம் நரகம் பேச வேண்டியவர், பக்கத்து நாற்காலிக்காரனின் சங்கடத்தைப் பேசுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிச்சார்தோ பிரபுவின் கதை. வெரோனாவின் ஆயர் ஜான் மத்தேயோ ஜிபெர்த்தி நிஜமான மனிதர், தன் மறைமாவட்டத்தைக் கண்டிப்பாகச் சீர்திருத்தியதால் பெயர் பெற்றவர். அவர் வீட்டுக்கு ரிச்சார்தோ என்ற பிரபு விருந்தாளியாக வருகிறார். எல்லா விதத்திலும் நல்லவர், நளினமானவர். ஒரே ஒரு குறை, சாப்பிடும்போது உதட்டாலும் வாயாலும் கேட்கச் சகிக்காத சத்தம் செய்கிறார். ஆயர் மேஜையில் வைத்து எதுவும் சொல்லவில்லை. பிரபு விடைபெற்றுக் கிளம்பும்போது, தன் வீட்டில் இருந்த வயதான, இதமாகப் பேசத் தெரிந்த கலாத்தேயோ என்பவரைக் கொஞ்ச தூரம் கூடப் போகச் சொல்கிறார். இருவரும் குதிரையில் பேசிக்கொண்டே போகிறார்கள். பிரியும் இடம் வந்ததும் கலாத்தேயோ சொல்கிறார்: ஆயர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார், ஒரு பரிசும் கொடுத்தனுப்பியிருக்கிறார், அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ள வேண்டும், நீங்கள் குறையில்லாத மனிதர், ஆனால் மெல்லும்போது இப்படி ஒரு சத்தம் வருகிறது, அதை விட்டுவிடப் பாருங்கள், இதைவிட நல்ல பரிசு ஆயருக்குத் தெரியவில்லை. பிரபுவுக்கு அதுவரை தன் பழக்கம் தெரியவே தெரியாது. முகம் சிவக்கிறது. ஆனாலும் நிதானித்துக்கொண்டு பதில் சொல்கிறார்: மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் பரிசெல்லாம் இப்படிப்பட்டதாக இருந்தால் உலகம் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ பணக்கார உலகமாக இருக்கும்.

அந்தக் கலாத்தேயோவுக்கு முன்மாதிரி கலெயாட்சோ ஃப்ளோரிமோந்தே, செஸ்ஸா நகரத்து ஆயர், ஜிபெர்த்தியின் வட்டத்தில் இருந்தவர். இப்படி ஒரு நூல் எழுதச் சொல்லித் தூண்டியவரும் அவர்தான் என்பார்கள்.

மற்றபடி உள்ளே வருவது: மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையை விரித்து, மூளையிலிருந்து முத்தும் மாணிக்கமும் விழுந்ததுபோல உற்றுப் பார்க்காதே. நாற்றமடிக்கும் பொருளை "முகர்ந்து பார்" என்று அடுத்தவன் மூக்கின் முன் நீட்டாதே. பலர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் தூங்காதே, கடிதத்தை எடுத்துப் படிக்காதே, நகம் வெட்டாதே. நீ கண்ட கனவைச் சொல்லி ஊரை அறுக்காதே. இவற்றையெல்லாம் பின்னால் இருந்து தாங்குவது ஒரே கொள்கை: ஒரு செயல் அடுத்தவரின் புலன்களை உறுத்தினாலோ, அருவருப்பான ஒன்றை அவர் மனக்கண்ணில் கொண்டுவந்தாலோ, அவரை மதிக்கவில்லை என்று காட்டினாலோ அது தவறு. சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் பார்க்கக் கைகழுவு, கை சுத்தமாகவே இருந்தாலும் கழுவு, ஏனென்றால் உன்னோடு ஒரே தட்டில் கைவைப்பவனுக்கு நிம்மதி. கழிப்பிடம் போய்வந்த பிறகு பலர் முன்னால் கழுவாதே, எதற்குக் கழுவுகிறாய் என்று அவர்கள் யோசிப்பார்கள். அடுத்தவன் மனதுக்குள் போய் நின்று பார்க்கிற இந்தப் பழக்கம்தான் நூலின் உயிர்.


கரையோரம் எழுதியது:

மன்னியுங்கள், எனக்கு இந்தப் பாராட்டு செரிக்கவில்லை. "வெனிஸில் பெரிய வாழ்க்கை, கவிஞர்கள் ஓவியர்கள்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த ஐந்தாறு வருஷம் அவர் அங்கே என்ன செய்தார்? போப்பின் தூதராக மதவிசாரணை மன்றத்தை வெனிஸில் நிறுவி நடத்தியவர் இவர். 1547இலிருந்து முறையாக நடந்தது. அவர் முன் வந்தவர்களில் பியெர் பாவ்லோ வெர்ஜேரியோ முக்கியமானவர். கபோதிஸ்த்ரியாவின் ஆயர், இன்றைக்கு ஸ்லோவேனியாவில் கோப்பெர் என்று இருக்கும் ஊர். ஒரு காலத்தில் அவரும் போப்பின் தூதர்தான், ஜெர்மனியில் இருந்தவர், 1535இல் விட்டன்பெர்க் போய், போப்பை எதிர்த்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரையே நேரில் சந்தித்தவர். அவர் மேல் மதவிரோதக் குற்றம் சாட்டி வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். கடைசியில் 1549இல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தப்பி ஓடி, சீர்திருத்தச் சபையில் சேர்ந்து, திரும்பவே முடியாமல் ஜெர்மனியில் டூபிங்கனில் இறந்தார். ஊர், பதவி, மொழி எல்லாம் போயிற்று.

அதே 1549இல் வெனிஸில் அச்சான தடை நூல் பட்டியலும் டெல்லா காசா தயாரித்ததுதான். எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று ஒரு நகரத்துக்கே கட்டளை போட்டவர், மெல்லும் சத்தம் கேட்காமல் சாப்பிடச் சொல்லிக்கொடுக்கிறார். மனிதனின் மனசாட்சியை நீதிமன்றத்தில் நிறுத்தி உலுக்கலாம், ஆனால் அவன் காதுக்கு உறுத்தலாகாது என்றால் அந்த மரியாதைக்கு நான் என்ன மதிப்புக் கொடுப்பது?


நூலடுக்கு எழுதியது:

கரையோரம் சொல்வதில் தகவல்கள் சரி. வெனிஸ் நிலவரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அவரை விடுவிப்பதற்காக அல்ல, எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

வெனிஸ் குடியரசு தன் அதிகாரத்தை ரோமாபுரிக்குத் தூக்கிக் கொடுத்ததே கிடையாது. 1547இல் விசாரணை மன்றம் தொடங்கியபோது, தூதரோடும் வெனிஸ் சபைத் தலைவரான மறைமுதுவரோடும் விசாரணைத் துறவியோடும் கூட, அரசு சார்பில் மூன்று பிரபுக்களும் உட்கார வேண்டும் என்று குடியரசின் தலைவரான டோஜே ஃப்ரான்செஸ்கோ டொனா ஏற்பாடு செய்தார். அந்த மூன்று பேர் இல்லாமல் எதுவும் நகராது. தூதர் ஒவ்வொரு கைதுக்கும் அரசோடு மன்றாட வேண்டியிருந்தது. வெனிஸ் வியாபார நகரம், ஜெர்மானிய வணிகர்கள் நடமாடும் இடம், மதத்தின் பெயரில் ரொம்பக் கெடுபிடி செய்தால் சரக்கு வராது.

பட்டியல் கதையும் அப்படித்தான். மே மாதம் அச்சான அதில் சுமார் 150 தடைகள். சில தனி நூல்கள், சில ஆசிரியர்களின் எழுத்து மொத்தமும். அன்றைய ஐரோப்பாவில் புத்தகத் தொழிலின் தலைநகரம் வெனிஸ். பதிப்பாளர்களும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள், ரோமாபுரியிலேயே விற்கும் நூல்களை இங்கே ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பட்டியல் அமலுக்கே வராமல் நின்றுபோனது. வெர்ஜேரியோ சும்மா இருப்பாரா? அதே பட்டியலை அதே வருஷம் தன் விளக்கக் குறிப்புகளோடு மறுபடி அச்சிட்டு, எங்கெங்கே பிழை, எந்த ஆசிரியர் யாரென்றே தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள் என்று வரிவரியாகக் கிழித்தார்.

அதோடு விடவில்லை. டெல்லா காசா இளமையில் ரோமாபுரியில் நகைச்சுவைக் கவிஞர் ஃப்ரான்செஸ்கோ பெர்னியின் கூட்டத்தோடு சேர்ந்து எழுதிய ஆபாச நகைச்சுவைக் கவிதைகளில் ஒன்று அடுப்பைப் பற்றியது. ரொட்டி சுடும் அடுப்பைச் சொல்வதுபோல உடலுறவைச் சொல்வது. ஆண்களோடு உறவு கொள்வதைப் புகழ்ந்து பாடிய ஆளைத்தான் போப் நீதிபதியாக உட்கார வைத்திருக்கிறார் என்று வெர்ஜேரியோ ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். டெல்லா காசா லத்தீனில் ஜெர்மானியர்களுக்கு என்று ஒரு கவிதையே எழுதிப் பதில் சொன்னார், தான் பாடியது பெண்களைத்தான் என்று. பழி ஒட்டிக்கொண்டது. கர்தினால் பதவி கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பல தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். என் பார்வையில் அரசியல்தான் முதல் காரணம். ஃபர்னேசேக்களும் மூன்றாம் ஜூலியஸும் 1551இல் பார்மா நகரத்துக்காகப் போருக்கே போய்விட்டார்கள், அந்த நேரத்தில் ஃபர்னேசே ஆளுக்கு யார் தொப்பி கொடுப்பார்கள்?


தென்றல்வழி எழுதியது:

ஓவியர்கள் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். டிசியானோ வரைந்த 'தனாயே' ஓவியம் நேப்பிள்ஸில் இருக்கிறதே, படுக்கையில் நிர்வாணமாகச் சாய்ந்திருக்கும் பெண், மேலே பொன்மழை. அதை வரையச் சொன்னவர் கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே, போப்பின் பேரன். வெனிஸில் வேலை எப்படிப் போகிறது என்று பார்த்துக் கடிதம் எழுதியவர் நம்ம ஆள். 1544 செப்டம்பர் கடிதம். உர்பீனோ பிரபுவின் அறையில் நீங்கள் பார்த்த நிர்வாணப் பெண் இதற்கு முன்னால் துறவு மடத்துக் கன்னிகை மாதிரி இருப்பாள், இதைப் பார்த்தால் கண்டிப்பான கர்தினால் ஒருவருக்கே பேய் பிடித்துவிடும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பேராயராக ஆன வருஷத்தில்!

இரட்டை வேஷம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறைச் சபைத் தலைவர்களுக்கு இதெல்லாம் ஒரே வாழ்க்கையில் அடங்கியது. சீர்திருத்தவாதிகளுக்குப் பதில் சொல்லவும் சபையை ஒழுங்குபடுத்தவும் கூடிய திரெண்டு பொதுச்சங்கம் 1545இல் தொடங்கியதும் காற்று மாறிவிட்டது. பழைய காற்றில் வளர்ந்து புதிய காற்றில் பதவி பார்க்க வேண்டிய ஆட்கள் இவர்கள். டெல்லா காசாவுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகனும் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளலாமா கூடாதா என்று லத்தீனில் ஒரு நூலும் எழுதியிருக்கிறார், கூடாது என்ற பக்கம் நின்று. பெண்களைப் பற்றி அதில் வரும் பேச்சு படிக்க எரிச்சலாக இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.


மாடிப்படி எழுதியது:

எனக்கு வரலாறு இவ்வளவு தெரியாது, ஆனால் ரிச்சார்தோ கதை நேராக வந்து தைக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடுதியில் பயிற்சியில் இருந்தேன். மேற்பார்வையாளர் ஒருவர், என்னோடு சேர்ந்த ஒரு பையனின் உடம்பு வாடையைப் பற்றி இருபது பேர் முன்னால் சொன்னார். சொன்ன விஷயம் உண்மைதான், திருத்திக்கொள்ள வேண்டியதும்தான். அந்தப் பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. அதே விஷயத்தை, வேலை முடிந்து வாசல்வரை கூட நடந்துபோய், அவனிடம் மட்டும், அவனுடைய நல்லதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்? அந்த ஆயர் மேஜையில் வாய் திறக்காமல் இருந்ததும், சொல்ல ஏற்ற ஆளாகப் பார்த்து அனுப்பியதும், பிரியும் நேரம் வரை காத்திருந்ததும் எல்லாமே யோசித்துச் செய்தது. குறையைச் சொல்வதற்கு அவ்வளவு உழைப்பு தேவை என்று யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.


கரையோரம் எழுதியது:

மாடிப்படி, உங்கள் அனுபவத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கதை அழகுதான். என் சிக்கல் நூலின் அடிப்படையிலேயே இருக்கிறது, இரண்டு நாளாக யோசித்ததில் தெளிவாகிறது.

உன் நடத்தையை உன் விருப்பப்படி அமைக்காதே, யாரோடு பழகுகிறாயோ அவர்கள் விருப்பப்படி அமை என்கிறார். உடையிலும் அப்படித்தான்: ஊர் எப்படி உடுத்துகிறதோ அப்படி உடுத்து, உனக்கு அதைவிட வசதியான, அழகான உடை தெரிந்திருந்தாலும் ஊரை மீறாதே, தாடி வைக்கும் ஊரில் மழித்துக்கொண்டு நிற்காதே. ஊரோடு ஒத்துப்போவது நல்லது, தனியாக நிற்பது அடுத்தவருக்கு அவமதிப்பு. சாப்பாட்டு மேஜையில் இந்த விதி அன்பாக இருக்கிறது. அதையே நம்பிக்கைக்குப் பொருத்திப் பாருங்கள். எல்லோரும் நம்புவதை நீயும் நம்பு, மீறாதே, மீறினால் மற்றவர்களுக்கு இடறல். வெர்ஜேரியோ செய்த தப்பு அதுதானே? ஊரோடு ஒத்துப்போகவில்லை. அதனால் நீதிபதி ஒரு ஆள், மரியாதை ஆசிரியர் இன்னொரு ஆள் என்று பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தது என்கிறேன். படிப்பறை சொன்ன "தோற்றுப்போன மனிதர் கனிந்தார்" என்கிற மாதிரிக் கதையை நான் ஏற்கவில்லை.


நூலடுக்கு எழுதியது:

வலுவான வாதம். இந்த இழையில் வந்ததிலேயே யோசிக்க வைத்தது இதுதான்.


படிப்பறை எழுதியது:

கரையோரம், நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். பாதியை ஏற்கிறேன். ஊரை மீறாதே என்று நூல் சொல்வது உண்மை, அதை எழுதியவர் விசாரணை மன்றத்தில் உட்கார்ந்தவர் என்பதும் உண்மை, இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும். வெர்ஜேரியோவுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் அந்த விதியை அவர் சொன்ன உடனே அதற்கு எல்லை கட்டுகிறார், அதை விட்டுவிடக் கூடாது. அடுத்தவர் இஷ்டத்துக்கே முழுக்க ஆடுகிறவன் மரியாதை தெரிந்தவன் அல்ல, கோமாளி, முகத்துதிக்காரன் என்கிறார். அளவு வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். 1546இல், அதிகாரத்தின் உச்சியில் வெனிஸில் இருந்தபோது, பெரிய இடத்து நண்பர்களும் சிறிய இடத்து நண்பர்களும் ஒருவருக்கொருவர் எப்படி நடக்க வேண்டும் என்று லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். 'நண்பர்கள்' என்று பெயர், உள்ளே இருப்பது எஜமானும் அவரை அண்டிப் பிழைப்பவரும்தான். அந்த உறவை ஒட்டவைப்பது அன்பு அல்ல, இருவருக்கும் உள்ள லாபம்தான் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். மேலே இருப்பவன் எப்படி, கீழே இருப்பவன் எப்படி என்று ஏணியில் நின்றுதான் பார்வை. பதவி போன பிறகு எழுதிய கலாத்தேயோ, தாய்மொழியில், ஒரு சாதாரணக் கிழவரின் வாயால், ஏணியை விட்டு இறங்கி மேஜையைச் சுற்றி உட்காருபவர்களைப் பார்க்கிறது. பெரியவர் சிறியவர் வித்தியாசம் அதில் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அது யாருக்கும் ஒழியவில்லை. ஆனால் சாப்பிடும்போது வேலைக்காரனைத் திட்டாதே, அடிப்பது அதைவிட மோசம் என்கிறார். கோபம் வந்தாலும் அடக்கிக்கொள், விருந்தாளிகள் மகிழ வந்தவர்கள் என்கிறார். வேலைக்காரனுக்காகச் சொன்னதில்லை, விருந்தாளிக்காகத்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். இருந்தாலும் எஜமானின் கையை நிறுத்துகிறது.

அப்புறம் வெற்று உபசாரங்களைப் பற்றிய பகுதி. பட்டப்பெயர்களை அடுக்குவது, தேவையில்லாமல் குனிவது, 'தங்கள் அடிமை' என்று கையெழுத்துப் போடுவது, இவை இத்தாலிக்கு வெளியிலிருந்து வந்த வழக்கம் என்று ஸ்பானியர்களைச் சுட்டிக் கோபப்படுகிறார். இருந்தாலும் நாட்டில் வழக்கமாகிவிட்டதால் அளவோடு கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது நாம் உண்டாக்கிய குற்றம் அல்ல, காலத்தின் குற்றம் என்கிறார். ரோமாபுரி அரண்மனைகளில் அரை வாழ்க்கை குனிந்து நிமிர்ந்த ஒருவர் எழுதியது இது. இந்தப் பக்கங்களைப் பதவியில் இருந்த டெல்லா காசா எழுதியிருக்க முடியாது என்பதுதான் என் கட்சி.


தென்றல்வழி எழுதியது:

நூலைத் தாண்டி அவருடைய கவிதையையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன். மரியாதை நூலால்தான் உலகப் பெயர், ஆனால் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர்களில் இவர் முதல் வரிசை. உறக்கத்தைக் கூப்பிட்டுப் பாடும் ஒரு பதினான்கு வரிக் கவிதை இருக்கிறது, அமைதியான ஈர இரவின் மகனே என்று தொடங்குவது. தூக்கம் வராத மனிதனின் படுக்கையே கல்லாகிவிடும். அந்தக் காலத்து வழக்கப்படி வாக்கியம் வரியோடு முடிய வேண்டும். இவர் வாக்கியம் வரியைத் தாண்டி அடுத்த வரியின் நடுவில் போய் நிற்கும். மூச்சு வாங்கும் இடம் மாறியதும் கனம் கூடுகிறது. பெரிய கவிஞரான தோர்க்குவாத்தோ தாஸ்ஸோ இவருடைய ஒரு கவிதைக்குத் தனிச் சொற்பொழிவே நிகழ்த்தினார், மில்டனின் ஆங்கிலக் கவிதைகள்வரை இந்த நடையின் தடம் போகிறது.

கடைசிக் காலக் கவிதைகளில் பதவியாசையைத் தானே திட்டிக்கொள்கிறார், கர்தினால்கள் உடுத்தும் செந்நிற ஆடைக்காக அலைந்து காலத்தைத் தொலைத்தேன் என்ற தொனி. படிப்பறையின் கட்சிக்கு இது சாட்சி. ஆனால் கரையோரத்துக்கும் ஒன்று: 1555இல் நான்காம் பவுல் போப் ஆனார், அதாவது ரோமாபுரி விசாரணை மன்றத்தை வளர்த்த அதே கர்தினால் கராஃபா. அவர் கூப்பிட்டதும் மடத்தை விட்டு இவர் உடனே கிளம்பிப் போய்ச் செயலாளர் பதவியில் உட்கார்ந்துவிட்டார். ஆசை போகவில்லை.


நூலடுக்கு எழுதியது:

ஆமாம், போனார். அந்த டிசம்பரில் புதிய கர்தினால்களின் பெயர் வந்தது, அதிலும் இவர் பெயர் இல்லை. கீல்வாதத்தால் ஏற்கெனவே ஆள் தளர்ந்துபோயிருந்தார். 1556 நவம்பரில் ரோமாபுரியில் இறந்தார், வயது 53. கலாத்தேயோ அச்சாகி அவர் பார்க்கவில்லை. செயலாளராக இருந்த எராஸ்மோ ஜெமினி கவிதைகளோடு சேர்த்து 1558இல் வெனிஸில் வெளியிட்டார். எந்த நகரத்தில் பட்டியல் போட்டாரோ அதே நகரத்தின் அச்சகம்.

அதற்குப் பிறகு நூல் போன வேகம் ஆச்சரியம். 1562இல் ஃப்ரெஞ்சு, 1576இல் ஆங்கிலம், நூற்றாண்டு முடிவதற்குள் லத்தீனும் ஸ்பானிய மொழியும். யாருக்காக எழுதப்பட்டது என்று சொல்லப்படுகிறதோ அந்த இளைஞன், சகோதரி மகன் அன்னிபாலே ருச்செல்லாய், பிற்பாடு பிரான்ஸில் கார்காசோன் நகரத்து ஆயரானார். நெர்வேசா மடம் முதல் உலகப் போரில் பியாவே ஆற்றங்கரைச் சண்டையில் சிதைந்தது, இப்போது இருப்பது இடிபாடுகள்.


மாடிப்படி எழுதியது:

படிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முழுவதும் படிக்க வேண்டுமா, எங்கே தொடங்குவது?


படிப்பறை எழுதியது:

சின்ன நூல்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ரிச்சார்தோ கதை முன்பகுதியிலேயே வந்துவிடும். உபசாரப் பகுதி நடுவில் வரும், அதை நிதானமாகப் படியுங்கள். பேச்சுமொழியைப் பற்றிய பகுதியில் தாந்தேயையே பிடித்துக்கொண்டு, அவர் காவியத்தில் சொர்க்கத்துக்கு வழிகாட்டும் பெயாத்ரிச்சே மாதிரி ஒரு பெண் வாயில் சத்திரத்துக் கணக்கு பேசும் சொல்லை வைக்கலாமா என்று கேட்கிறார். அங்கே நான் தாந்தே பக்கம். கொச்சைச் சொல் வந்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தால்தான் கவிதை. மேஜைக்குப் போட்ட விதி கவிதைக்குப் பொருந்தாது.


கரையோரம் எழுதியது:

பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், மேஜைக்குப் போட்ட விதி மற்ற இடத்துக்குப் பொருந்தாது என்று. அவருக்கு அந்த எல்லை தெரியவில்லை என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்வது.

உபசாரப் பகுதியைப் படித்துவிட்டு வருகிறேன், அதைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயமாகத் தெரிகிறது. 1546 நூலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க யாராவது முன்வந்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன். வெர்ஜேரியோவுக்கு ஒரு தனி இழை தொடங்குகிறேன், விட்டன்பெர்க்கில் லூதரோடு சாப்பிட உட்கார்ந்த 1535ஆம் வருஷத்திலிருந்து. நூலடுக்கு, அந்தப் பட்டியலுக்கு அவர் எழுதிய விளக்கக் குறிப்புகளைப் பற்றி நீங்கள் அங்கே விரிவாக எழுத வேண்டும்.